தீப்பெட்டி நுழையாத கை

யூவன் மக்காஸ்கில்லின் வலது கையைக் கெடுத்தது எது என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆலை என்பான் ஒருவன். மக்காஸ்கில் வம்சத்து ரத்தம் என்பான் இன்னொருவன். தபால்காரியைக் கேட்டால் குளிர் என்பாள். எல்லாம் பொய். கெடுத்தது நான். கத்தி என் கையில் இருந்தது. அதனால் அவன் கதையைச் சொல்லவும் எனக்குத்தான் பாத்தியதை உண்டு. கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

அவன் என் தங்கை ஈனாவின் புருஷன். அதற்கும் முன்பே ஆட்டுக்கறி ஆலையில் என் எதிராளி. பதினான்கு சீசன், ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஆட்டுத் தொடையும் தோளும் சங்கிலியில் வரும். எலும்பைப் பிரித்து எடுத்துவிட்டுக் கறியைத் தள்ள வேண்டும். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். அதைத் தவிர எங்களுக்குள் மரியாதையான சொல் எதுவும் கிடையாது.

நல்லவன் என்று சொல்ல மாட்டேன். செத்துப்போன பிறகு எல்லாரையும் நல்லவனாக்கும் வழக்கம் எனக்கில்லை, தவிர அவன் இன்னும் சாகவும் இல்லை. ஆனால் கத்தி விஷயத்தில் நியூசிலாந்தின் இந்தத் தெற்குக் கோடி, சௌத்லாந்து முழுக்கத் தேடினாலும் அவனைப் போல் ஒருவன் கிடைக்க மாட்டான். ஆட்டுத் தொடையைப் பார்த்தால் உங்களுக்கு அது ஒரே கறித்துண்டு. அவனுக்கு அது ஏழெட்டுப் பேர் குடியிருக்கிற வீடு. ஒவ்வொரு தசையும் தனக்கென்று ஒரு வெள்ளை ஜவ்வுப் பைக்குள் இருக்கும். ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் ஈரமான ஓர் இடுக்கு, அதில் மெல்லிசாகக் கொழுப்பு. தசைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவது அந்த இடுக்கினால்தான். அதற்குள் கத்தி முனை போய்விட்டால் பலம் வேண்டாம், ரத்தமும் வராது. துணிப்பொட்டலத்தைப் பிரிப்பது போல் தொடை தானாகத் திறந்துகொள்ளும்.

நான் அவசரத்தில் நாரைக் குறுக்கே அறுத்துவிடுவேன். அவன் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பான்.

"ஆடு காலையிலேயே செத்துப்போச்சு மச்சான். இன்னும் ஏன் அதைக் கொன்னுட்டு இருக்கே?"

"உனக்கென்ன, நீ உன் தொடையைப் பாரு."

"ஜவ்வுதான் வழி காட்டுது. அதுகிட்டக் கேளு. உனக்குத்தான் கேக்குற பழக்கமே இல்லையே."

அவனுக்குக் கொழுப்பைப் பற்றியும் எல்லாம் தெரியும். சிறுநீரகத்தைச் சுற்றியிருப்பது கெட்டி, விரலால் நசுக்கினால் உதிரும், அது மெத்தை. தோலுக்கு அடியில் இருப்பது போர்வை. குடலைப் போர்த்தியிருக்கும் வலைக்கொழுப்பு சேமிப்பு. இதையெல்லாம் அவன் எந்தப் புத்தகத்திலும் படித்தவனில்லை. படித்த பண்ணைக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். குட்டி ஈனும் மாதத்தில் செத்த குட்டிகளைக் கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, ஏன் செத்தது என்று கேட்பார்கள். பிறந்த குட்டியின் சிறுநீரகத்தருகே பழுப்பு நிறத்தில் ஒரு கொழுப்பு இருக்கும். அது போர்வையுமில்லை, மெத்தையுமில்லை, அடுப்பு. முதல் ராத்திரிக் குளிரில் அது எரிந்துதான் குட்டி பிழைக்கிறது. பால் குடிக்காத குட்டிக்கு அது எரிந்து தீர்ந்து, சிவப்புக் களி போல் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

ஒருமுறை ஆற்றோரப் பண்ணைக்காரி ஆறு குட்டிகளைக் கொண்டுவந்தாள். புருஷனைப் புதைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பனி கொன்றுவிட்டது என்றாள். யூவன் ஒன்றைக் கீறிப் பார்த்தான், இன்னொன்றைக் கீறினான், மூன்றாவதைத் தொடவில்லை.

"பனி கொல்லலை. அடுப்பு எரிஞ்சு தீர்ந்திருக்கு, வயித்துல ஒரு சொட்டுப் பால் இல்லை. குட்டி தாய்கிட்ட ஒட்டுச்சான்னு நீ போய்ப் பாக்கலை. உக்கார்ந்து அழுதுட்டு இருந்திருக்கே. அந்த நேரத்துல இதுங்க செத்துருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறிப் போனாள். அவன் கத்தியைத் துடைத்தான். ஈனா அன்று ராத்திரி அவனுக்குச் சோறு போடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. அவனிடம் அதுதான் கோளாறு.

அவனுடைய அப்பன் முர்டோவிடமும் அப்படித்தான் இருந்தான். முர்டோவுக்கு இரண்டு கையும் மடங்கிப்போயிருந்தன. மக்காஸ்கில் குடும்பத்தில் ஆண்களுக்கு அது வரும். முதலில் மோதிர விரலுக்கு நேரே உள்ளங்கையில் பட்டாணி அளவு முடிச்சு, பிறகு அது கயிறாக நீளும், பிறகு விரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளையும், ஒருநாள் நிமிராது. கிழவர் கோப்பையை இரண்டு முஷ்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தேநீர் குடிப்பார். யூவன் எதிரில் உட்கார்ந்து தானும் முஷ்டியை மடக்கி அதே மாதிரி குடித்துக் காட்டுவான். கடைசிக் காலத்தில் நகம் உள்ளங்கைக்குள் வளர்ந்து சீழ் பிடித்து நாற்றமடித்தது. சவப்பெட்டியில் கையை மார்பில் கூப்பி வைக்க முடியவில்லை. பெட்டிக்காரன் தயங்கி நின்றான்.

"அப்படியே விடு. அங்க போய் யாரையாவது குத்தட்டும்" என்றான் யூவன்.

நாங்கள் சிரித்தோம். சர்ச் வாசலிலேயே சிரித்தோம். ஆனால் பெட்டியை இறக்கும்போது அவன் கயிற்றைப் பிடித்த தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பட்டாணி அப்போதே வந்திருக்க வேண்டும்.

எழுபத்தாறாம் வருஷ சீசனில் எனக்கு அது உறுதியாயிற்று. டீ இடைவேளையில் கோப்பையை வைத்துவிட்டு அவன் கையை மேசையில் ஊன்றினான். உள்ளங்கை மேசையில் படியவில்லை. கீழே இடைவெளி தெரிந்தது. எனக்கு நாக்கு அரித்தது. பதினான்கு வருஷமாக என்னைக் குருடன், கொலைகாரன் என்று சொன்னவன் கை மேசையில் படியவில்லை என்றால் நான் சும்மா இருப்பேனா? என் தீப்பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கைக்குக் கீழே தள்ளினேன். அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"பாலத்துக்கு அடியில ரயில் போகுது பாருங்கடா" என்றேன்.

அன்றிலிருந்து அது விளையாட்டாகிவிட்டது. டீ வந்ததும் எல்லாரும் கையை விரித்து வைப்பார்கள், நான் தீப்பெட்டியோடு சுற்றி வருவேன். யூவன் கையைத் தவிர வேறு எதிலும் நுழையாது. அவனுக்குக் 'கொக்கி' என்று பேர் வைத்ததும் நான்தான். அவன் கையை எடுக்க மாட்டான். எடுத்தால் பயந்த மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருப்பான்.

மேஸ்திரி லாக்லன் பிரைட் கண்ணாடி ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த சீசனில்தான் மூன்றாவது மேசையில் ஒருவனுக்குக் கத்தி நழுவி, பக்கத்தில் நின்றவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்திருந்தது. மேலிடத்தில் ஏதாவது விதி போடு என்று லாக்லனை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குச் சொந்தமாக யோசனை வராது. நான் கொடுத்துவிட்டேன். சீசன் கடைசி நாள் பெட்டி மேல் ஏறி நின்று சொன்னான்:

"அடுத்த சீசன் முதல் நாள், கத்தி பிடிக்கிற ஒவ்வொருத்தனும் கையை மேசையில வைக்கணும். டெஸ்ஸோட தீப்பெட்டி உள்ள நுழைஞ்சா, கத்தியைக் குடுத்துட்டு உருக்குற கூடத்துக்குப் போயிடு. பட்டியல்ல கடைசி ஆளா."

டெஸ் என்பது நான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யூவன் பார்க்கவில்லை.

பட்டியல் என்றால் எங்களுக்கு உயிர். ஒவ்வொரு சீசனும் யாரை முதலில் கூப்பிடுவது, யாரை முதலில் நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இருக்கிற இடத்தைப் பொறுத்தது. யூவன் பிரிப்பு மேசையில் முதல் பேர். உருக்குகிற கூடம் என்பது கொழுப்பையும் குடலையும் தொட்டிகளில் கொட்டி நீராவியில் காய்ச்சும் இடம். கத்தி பிடிக்கத் தெரியாதவர்களும் குடிகாரர்களும் போகிற இடம். அங்கே போன பிரிப்பாளி எவனும் திரும்பி வந்ததில்லை.

அவன் டாக்டரிடம் போனான். ஈனா கூடப் போனாள், அவள்தான் எனக்குச் சொன்னாள். டாக்டர் அம்மாள் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளங்கைத் தோலுக்கு அடியில் ஜவ்வு ஒரு விரிப்பாக இருக்கிறது, அது தடித்துக் கயிறாகச் சுருங்குகிறது, அதுதான் விரலை இழுக்கிறது என்றாளாம். ஆபரேஷன் உண்டு. அடுத்த குளிர்காலம்தான் இடம்.

"அதுக்குள்ள ஒரு சீசன் போயிடும்" என்றானாம் இவன்.

"கை முக்கியமா, சீசன் முக்கியமா?"

இவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவள் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் அவன் காதில் ஏறியிருந்தது. அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்தான்.

"ஜவ்வு மச்சான். வெறும் ஜவ்வு."

"அதுக்கு?"

"ஜவ்வை எடுக்குறதுக்கு இன்னொருத்தன்கிட்டப் போய் ஒரு வருஷம் நிக்கணுமா நான்?"

"நீயே வெட்டிக்கப் போறியா?"

"வலது கையை வலது கையால எப்படி வெட்டுறது? நீ வெட்டு. இந்த ஊர்ல ரெண்டாவது நல்ல கத்தி உன்னோடது."

"முதலாவது?"

"அது மடங்கிப்போய் உக்கார்ந்திருக்கு."

பதினான்கு வருஷத்தில் அவன் என்னை மெச்சிய முதல் வார்த்தை அது. மறுத்திருக்க வேண்டும். நான் மயங்கிவிட்டேன். அதோடு, விதி வந்தது என் தீப்பெட்டியால் என்ற உறுத்தலும் இருந்தது. அந்த உறுத்தலை ஒரே வெட்டில் தீர்த்துவிடலாம் என்று எனக்கு ஆசை.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை நாங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால்களை வைத்துப் பழகினோம். இருபது கால் இருக்கும். தோலை லேசாகக் கீறி, கத்தியைப் படுக்கையாக உள்ளே விட்டு, ஜவ்வை மட்டும் அறுக்க வேண்டும், அதற்கு அடியில் ஓடும் தசைநாணைத் தொடக் கூடாது. ஆட்டுக்காலில் அது கஷ்டமில்லை. தோலுக்கும் ஜவ்வுக்கும் நடுவில் கொழுப்பு, ஜவ்வுக்கும் நாணுக்கும் நடுவில் இடுக்கு. கத்தி நுனிக்கு ஒவ்வொன்றும் தெரியும். காதுக்கும் தெரியும். ஜவ்வு அறுந்தால் சீலை கிழிகிற மாதிரி மெல்லிசாகச் சத்தம் வரும். நாண் அறுந்தால் டொக்கென்று வரும். பதினான்கு வருஷம் கத்தி பிடித்தவனுக்கு அந்த இரண்டு சத்தமும் குழம்பாது. இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது ஞாயிறு ஈனா சர்ச்சில் பாடப் போனாள். அடுப்பில் உப்பில் ஊறிய கடற்பறவைக் கறி வெந்துகொண்டிருந்தது. அந்தக் கொழுப்பு நெடி வீடு முழுக்க. துணி துவைக்கும் கொட்டகையில் தொட்டி மூடியைக் கவிழ்த்து அவன் கையை அதன் மேல் வைத்தோம். கத்தியைக் கொதிக்கவைத்தாயிற்று. அவன் விஸ்கியில் பாதியை உள்ளே ஊற்றியிருந்தான். முழங்கைக்கு மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கினேன். கை வெளுத்தது.

கீறினேன். உள்ளே விட்டேன். இடுக்கைக் காணோம்.

"இடுக்கு இல்லைடா மாப்ளே."

"இருக்கும். உனக்குக் கண்ணு இல்லை."

"தோலு அப்படியே ஜவ்வுல ஒட்டியிருக்கு. நடுவுல கொழுப்பே இல்லை."

"கொழுப்பெல்லாம் உன் வாயில இருக்கு, அப்புறம் என் கையில எப்படி இருக்கும்? அழுத்துடா. ஆட்டை மட்டும்தான் கொல்லத் தெரியுமா உனக்கு?"

அழுத்தினேன். கோபத்தில்தான் அழுத்தினேன், அதை மறைக்க மாட்டேன். சீலை கிழிகிற சத்தம் வந்தது. மோதிர விரல் நிமிர்ந்தது. அதோடு இன்னொரு சத்தமும் வந்தது. டொக்.

கேட்டது எனக்கு. நன்றாகக் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தான்.

"நிமிர்ந்துச்சா?"

"நிமிர்ந்துடுச்சு."

"அப்புறம் ஏன் நிக்குறே? சின்ன விரலையும் முடி."

அங்கே நிறுத்தியிருக்கலாம். மாப்ளே, நாண் போச்சு, எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். குருடன் என்பான். கொலைகாரன் என்பான். ஆயுசுக்கும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அதையே சொல்வான். அந்தப் பேச்சைக் கேட்பதைவிட அவனுடைய இன்னொரு விரலையும் வெட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. வெட்டினேன். மறுபடியும் இரண்டு சத்தம்.

டியூப்பைத் தளர்த்தியதும் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. துண்டை வைத்து அழுத்தி நிறுத்தினோம். ரொட்டி அறுக்கும் பலகை மேல் கையை விரித்துவைத்துக் கட்டினேன். ஜவ்வு மறுபடி சுருங்காமல் கை தட்டையாக ஆற வேண்டும், அது அவன் யோசனை. ஈனா வந்து கொட்டகைத் தரையைப் பார்த்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

"உன் அண்ணன் ஒரு நாளாவது ஒழுங்கா வெட்டினான்" என்றான் யூவன்.

அவள் தண்ணீர் காய வைத்தாள். ஆறு வாரம் தினமும் அவள்தான் கட்டை அவிழ்த்துக் கழுவி மறுபடி கட்டினாள். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன ஊர், மேஸ்திரி காதுக்குப் போய்விடும் என்றான். நான் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கப் போவேன், சிப்பி வாங்கிக்கொண்டு போவேன், சீட்டு விளையாடுவோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கதவைத் தட்டுவேன். ஒவ்வொரு தடவையும் சிப்பி ஓட்டை அள்ளிப்போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பலகையிலிருந்து கையை எடுத்த அன்று நானும் இருந்தேன். கை தட்டையாக இருந்தது. மேசையில் வைத்தான், உள்ளங்கை முழுக்கப் படிந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்திலும் பார்க்கவில்லை.

"மடக்கு" என்றாள் ஈனா.

மற்ற விரல்கள் மடங்கின. அந்த இரண்டும் மடங்கவில்லை.

"கட்டியே இருந்ததுல விறைச்சிருக்கு. வந்துடும்."

அவள் தையல் ஊசியை எடுத்து மோதிர விரல் நுனியில் குத்தினாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான். ரத்தம் முத்தாக வந்தது. அவள் ஊசியை இன்னும் ஆழமாக இறக்கினாள். அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தொப்பியைத் தேடினேன்.

சீசன் முதல் நாள் எல்லாரும் வரிசையாக நின்றோம். லாக்லன் என் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டான். பட்டியலில் முதல் பேர் யூவன். முன்னே வந்து கையை மேசையில் வைத்தான். லாக்லன் குனிந்து தீப்பெட்டியைத் தள்ளினான். நுழையவில்லை. விரல் பக்கத்திலிருந்து தள்ளினான், நுழையவில்லை. மணிக்கட்டுப் பக்கமிருந்தும் தள்ளிப் பார்த்தான். கூடத்தில் இருந்தவர்கள் சாணைக் கம்பியால் மேசையைத் தட்டினார்கள். எங்களுக்குள் அதுதான் கைதட்டல். யூவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்ல வெட்டு, மச்சான்" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சங்கிலி ஓட ஆரம்பித்தது. முதல் தொடை வந்தது. கத்தியை இறுக்கிப் பிடிப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அவை வழி காட்டும், அவ்வளவுதான். பிடிப்பது கடைசி இரண்டு விரல். யூவன் கத்தியை இடுக்கில் வைத்தான், இழுத்தான், கொழுப்புப் பட்ட பிடி அவன் கைக்குள் சுழன்று கீழே விழுந்தது. கழுவி எடுத்தான். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது சங்கிலியை நிறுத்திவிட்டார்கள். ஒரு தொடைக்காகச் சங்கிலி நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

லாக்லன் வந்தான். "கை தட்டையாதான் இருக்கு. மடக்கிக் காட்டு."

யூவன் நின்றான்.

"மடக்குன்னு சொன்னேன்."

மூன்று விரல் மடங்கின. இரண்டு விரல் நீட்டிக்கொண்டே இருந்தன. எல்லாரும் ஏதோ புரிந்துகொள்ளப் போகிறார்கள், அடுத்தது இவன் கையை யார் வெட்டியது என்ற கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"கொக்கி போய் துடுப்பு வந்திருக்குடா."

எல்லாரும் சிரித்தார்கள். யூவன் இடுப்பிலிருந்து கத்தி உறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முற்றத்தைக் கடந்து உருக்குகிற கூடத்துக்கு நடந்தான். அவன் இடத்தில் பட்டியலின் இரண்டாவது பேர் வந்து நின்றது. அது யாரென்று கேட்காதீர்கள். மேசையின் நல்ல வெளிச்சம் உள்ள பக்கம் எனக்குக் கிடைத்தது.

ஈனா அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினாராம். இந்த நோயில் ஜவ்வு தடிக்கத் தடிக்க, தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு மெத்தையைத் தின்றுவிடும். தோல் போய் ஜவ்வில் ஒட்டிக்கொள்ளும். உணர்ச்சி நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, கயிற்றைச் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். ஆரோக்கியமான உடம்பில் இருக்கிற எந்த இடுக்கும் அங்கே இருக்காது. கறி வெட்டத் தெரிந்தவன் தெரிந்ததை நம்பி இறங்கினால் நரம்பையும் நாணையும் சேர்த்துத்தான் அறுப்பான். வெட்டின பத்து நாளைக்குள் கொண்டுவந்திருந்தால் நாணைத் தைத்திருக்கலாம், இப்போது இரண்டு முனையும் சுருங்கி எங்கோ போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பத்து நாளில் நான் மூன்று தடவை சிப்பி கொண்டுபோயிருந்தேன்.

உருக்குகிற கூடத்தில் யூவன் மண்வாரியால் கொழுப்பு அள்ளினான். சிறுநீரகக் கொழுப்பு எது, வலைக்கொழுப்பு எது என்று அங்கே யாருக்கும் வேண்டியதில்லை, எல்லாம் ஒரே தொட்டி. காய்ச்சக் காய்ச்சக் கொழுப்பு தெளிந்து மேலே வரும். ஜவ்வும் நாரும் மட்டும் உருகாமல் சுருண்டு அடியில் கிடக்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதுவும் அவன் வேலை. அவன் யாரோடும் பேசுவதில்லை. யாரும் அவனைக் கொக்கி என்றும் கூப்பிடவில்லை, துடுப்பு என்றும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற அளவுக்கு அவன் யாருக்கும் எதிரில் வரவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம், ஈனா கொடுத்துவிட்ட சீஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். தொட்டியருகே சுவரோரமாக நின்றிருந்தான். எனக்கு நெடி அடித்தது. கொழுப்பு தீய்கிற நெடி, ஆனால் ஆட்டுக்கொழுப்பு இல்லை. அவனும் மூக்கை உறிஞ்சினான்.

"ஏதோ தொட்டியில அடி பிடிக்குது. பாரு மச்சான்."

நான் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தேன். எதிலும் இல்லை. திரும்பினேன். அவன் வலது கையைப் பின்னால், நீராவிக் குழாயை ஒட்டிய சுவரில் ஊன்றிச் சாய்ந்திருந்தான். அந்த இரண்டு விரல் மட்டும் நீண்டு குழாயில் படிந்திருந்தன, தட்டையாக. புகை அங்கிருந்துதான் வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, பாத்திரத்தில் ஒட்டியதைப் பிரிப்பது போல், அதைப் பிரித்து எடுத்தான்.

"நம்ம கொழுப்புதானா" என்றான்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈனா உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு ரெண்டு சத்தம் கேட்டுச்சாமே" என்றாள்.

"யார் சொன்னது?"

"அவர்தான். முதல் வாரமே சொன்னார். குடிச்சிருந்தாலும் காது கேட்டுச்சாம். அப்பவே டாக்டர்கிட்டப் போவோம்னு நான் அழுதேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? நாண் அறுந்திருந்தா டெஸ் சொல்லியிருப்பான், அவனுக்குக் கேட்காம இருக்காது, அவன் பேசாம இருக்கான்னா ஒண்ணும் இல்லை, எனக்குத்தான் போதைன்னு சொன்னார்."

அவள் கையில் அவனுடைய கல்யாண மோதிரம் இருந்தது. அவன் அதை வலது கையில்தான் போடுவான், விரல் போனதால் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.

"நீ வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து பக்கத்துல உக்கார்ந்து போனே. உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் தைரியமா இருந்தார். போ. இனிமே வராதே."

நான் போனேன். ஒன்பது வருஷமாகிறது. ஒரே தெருவில் இருக்கிறோம், என் வீட்டைக் கடக்கும்போது அவள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். யூவன் போவதில்லை, என் பக்கமாகவே நடந்து வருகிறான், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு. ஒரு தடவைகூடக் குருடன் என்று சொன்னதில்லை. சொல்லமாட்டானா என்று வாசலில் நிற்கிறேன்.

விதி இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு சீசன் முதல் நாளும் லாக்லன் தீப்பெட்டியோடு வருகிறான். பட்டியலில் இப்போது முதல் பேர் என்னுடையது. கையை மேசையில் வைக்கிறேன். நுழைவதில்லை. பிறகு மடக்கிக் காட்டச் சொல்கிறான், அது யூவனுக்கப்புறம் சேர்த்தது. ஐந்து விரலும் மடங்குகின்றன.